ஐ ஆமண்ட் சிக்

இங்கிலீஷில் ‘நாட்’ என்று ஒரு சொல் உண்டு. இல்லை என்று அர்த்தம். பேசும்போது அதை முழுசாகச் சொல்ல மாட்டார்கள். முன்னால் நிற்கிற சொல்லோடு சேர்த்து நசுக்கிவிடுவார்கள். ‘டூ நாட்’ என்பது ‘டோண்ட்’ ஆகிவிடும். ‘நாட்’டின் நடுவில் இருக்கிற ஓ என்ற எழுத்தைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இடத்தில் மேலாக ஒரு கமா போடுவார்கள். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படித்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு இதனால் பேரே மாறிப்போயிற்று.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் எனக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுக் கட்டாக வரும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் இறக்குவோம். மயிர் இளகுகிற வரைக்கும் கிடக்கும். நடுநடுவே குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போட வேண்டும். பிறகு தூக்கிப் பலகைமேல் போட்டு மயிரைச் சீவ வேண்டும். கைக்கு உறை, காலுக்கு பூட்ஸ் எல்லாம் அப்போது கிடையாது. இடுப்பில் ஒரு துண்டு, அதற்குமேல் ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

சுண்ணாம்புக்கு ஆட்டுத்தோலும் ஒன்றுதான், மனுஷத்தோலும் ஒன்றுதான். முதலில் விரலிடுக்கு வெந்து வெளுக்கும். பிறகு நகத்தடியில் சின்னச் சின்ன ஓட்டை விழும். அதில் குழம்பு பட்டால் உயிர் போய் உயிர் வரும். எனக்கு வலது கை முழுக்க அப்படி ஆகிவிட்டது. சோற்றில் கை வைக்க முடியாது. என் பெண்சாதி பிசைந்து உருட்டி வாயில் போடுவாள். கல்யாணமான புதிது. யாராவது வந்தால் சட்டென்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேறு வேலை செய்கிற மாதிரி எழுந்து போய்விடுவாள். நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஷாப்பில் ஈரம் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. பதனிட்டுக் காய்ந்த தோலைத் தரம் பிரித்துக் கட்டுகிற கோடவுன். அங்கே மேசைக்குப் பக்கத்தில் நின்று தோலைப் புரட்டிக் காட்டுகிற ஆள், பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். மெட்ராசிலிருந்து தோல் வாங்குகிற ஏஜெண்ட் துரை வரும்போது அந்த ஆள்தான் கூட நிற்க வேண்டும். துரை ஏதாவது கேட்டால் இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்குப் போனால் என் கை ஆறும். போகாவிட்டால் ஆறாது. எனக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

“நான் அஞ்சாவது படிச்சிருக்கேன் மேஸ்திரி.”

“எந்த ஊரு சர்க்கார்ல கலெக்டரா சேரப் போற?”

“கோடவுன் மேசைக்கு.”

“இங்கிலீஷு வேணுமேடா.”

“கத்துக்குறேன்.”

மேஸ்திரி என் கையைப் பார்த்தார். “துரை அடுத்த மாசம் வர்றாரு. அதுக்குள்ள நாலு வார்த்த கத்துக்கினியானா மொதலாளி முன்னாடி உன்ன நிறுத்தறேன். இல்லாங்காட்டி குழிதான்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நல்லவரும் இல்லை.

ஆபீசில் கணக்கு எழுதுகிறவரை ரைட்டர் என்போம். அவர் பள்ளிக்கூடம் முழுக்க முடித்தவர். துரைக்குக் கடிதம் எழுதுகிறது, துரை சொல்வதை முதலாளிக்குச் சொல்கிறது எல்லாம் அவர்தான். அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் வழியாக வரக்கூடாது என்றார். பின்பக்கம் போய் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றேன்.

“சொல்லிக் குடுத்தா எனக்கு இன்னா கெடைக்கும்?”

“இன்னா செய்யணும், சொல்லுங்கய்யா.”

“எங்க வூட்ல அடுப்புக்கு வெறகு இல்ல. உன் பொண்டாட்டி மலையடிவாரத்துல ஒடச்சிக்கினு வந்து போடட்டும்.”

சரி என்றேன். அவளிடம் கேட்காமலே சரி என்றேன். அவளும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. விடியலில் போய் முள் விறகு உடைத்துக் கட்டித் தலையில் வைத்து, ரைட்டர் வீட்டுப் பின்பக்கம் போட்டுவிட்டு வந்தாள். அவள் கையும் கிழிந்தது. வீட்டில் இரண்டு பேருக்குமாக நல்ல கை ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.

ரைட்டர் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் மாட்டுக்குப் பக்கத்தில்.

“இத பார்றா. நம்ம பேச்சுல எவனாவது ‘போய்விட்டேன்’னு சொல்றானா? போய்ட்டேன்றான். ‘வரவில்லை’ன்னு எவனாவது சொல்றானா?”

“வரலன்னு சொல்லுவாங்கய்யா.”

“ஆங். வெள்ளக்காரனும் அதே கததான். முழுசா சொன்னா, இன்னாடா இவன் புஸ்தகம் படிக்கிறான்னு நெனப்பான். சுருக்கிச் சொன்னா, ஆளு பரவால்லன்னு நெனப்பான்.”

அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் எதுவும் அப்படிப் பிடிபட்டதில்லை. இல்லை என்பது தேய்ந்து ‘ல’ ஆகிற மாதிரி, ‘நாட்’ தேய்ந்து ‘ண்ட்’ ஆகிறது. வரல, போகல, தெரியல. டோண்ட், காண்ட், இசண்ட். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று தோன்றிற்று. தரையில் குச்சியால் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். ஓவை எடுத்துவிட்டு மேலே கமா போட்டேன். “கெட்டிக்காரன்தான்” என்றார்.

குழியில் நின்றுகொண்டு சொல்லிப் பார்ப்பேன். என்னோடு குழியில் ஒருவர் நிற்பார். என்னைவிட மூத்தவர். அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்குக் கால் விரல்களில் நகமே கிடையாது. எல்லாவற்றுக்கும் சிரிப்பார்.

“ஐ டோண்ட். ஐ காண்ட்.”

“இன்னாடா டொண்ட டொண்டன்ற? தொண்ட கட்டிக்கிச்சா?”

“இங்கிலீஷுண்ணா. ‘ஐ டோண்ட்’னா நான் செய்யறதில்ல. ‘ஐ காண்ட்’னா என்னால முடியாது.”

“முடியாதுன்னு சொல்றதுக்கா பொண்டாட்டிய முள்ளு ஒடைக்க அனுப்புன? நம்ம பாஷையில சொன்னாலே ஒதைப்பாங்களே, போதாதா?”

ரைட்டர் எல்லாவற்றையும் சொல்லித் தரவில்லை. நாலைந்து சொல்லிவிட்டு, “இதே மாதிரிதான் எல்லாத்துக்கும்” என்று விட்டுவிட்டார். மிச்சத்தை நானே செய்துகொண்டேன். ‘ஐ ஆம் நாட்’ என்றால் நான் இல்லை என்று அர்த்தம். ‘ஆம்’ பக்கத்தில் ‘ண்ட்’ சேர்த்தேன். ஐ ஆமண்ட். ‘வில் நாட்’ என்றால் மாட்டேன். அதிலும் சேர்த்தேன். வில்லண்ட்.

அண்ணனிடம் சொல்லிக் காட்டினேன்.

“ஆமண்டா? ஆமான்றியா, இல்லன்றியா? ரெண்டும் ஒரே வாயில வருதே.”

“இல்லன்னுதாண்ணா.”

“பேஜாரான பாஷடா இது.”

சந்தேகமாக இருந்ததால் அன்று சாயங்காலம் ரைட்டரிடம் போய்க் கேட்டேன். அவரோடு அவர் மச்சான் உட்கார்ந்திருந்தான். பெண்சாதியின் தம்பி. வேலை இல்லாமல் குடியாத்தத்திலிருந்து வந்து அக்காள் வீட்டில் தங்கியிருந்தான்.

“ஐ ஆமண்ட். ஐ வில்லண்ட். சரிங்களாய்யா?”

ரைட்டர் எச்சிலைத் துப்பிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். “இன்னொரு தபா சொல்லு” என்றார். சொன்னேன்.

“பேஷ். இதாண்டா ரொம்ப முக்கியம். நான் சொல்லாமயே நீயா கண்டுபுடிச்சிக்கினியே. தொர கிட்ட இத மறக்காம சொல்லு.”

மச்சான் துண்டால் வாயை மூடிக்கொண்டான். பல் வலி என்று நினைத்தேன்.

துரை வந்த அன்று மேஸ்திரி எனக்குத் தன் சட்டையைக் கொடுத்தார். கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவினால் ஓட்டை இன்னும் நன்றாகத் தெரிந்தது. கோடவுன் முன்னால் நாற்காலி போட்டிருந்தது. நடுவில் துரை, ஒரு பக்கம் முதலாளி, இன்னொரு பக்கம் முதலாளியின் மகன். அவரைச் சின்ன முதலாளி என்போம். மெட்ராசில் காலேஜ் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ரைட்டர் பின்னால் நின்றார். ஆபீஸ் ஆட்கள், கட்டுக் கட்டுகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

நான் தோலைப் பிரித்து மேசைமேல் போட்டேன். துரை தடவிப் பார்த்தார். புரட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். புரட்டினேன். இரண்டு மூன்று தோல் அப்படிப் போயிற்று. எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது துரை தோலை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். சிக் என்று முடிகிற மாதிரி ஏதோ கேட்டார். சிக் என்றால் நோயாளி என்று எனக்குத் தெரியும். நோயாளி என்று சொன்னால் மேசை கிடைக்காது. இதற்குத்தானே படித்தேன் என்று நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னேன்.

“ஐ ஆமண்ட் சிக், சார்.”

துரை தலையை ஆட்டினார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறவே இல்லை. அடுத்த தோலுக்குக் கை நீட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

சின்ன முதலாளிதான் முதலில் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“இன்னான்னு சொன்ன? இன்னொரு தடவ சொல்லு.”

“ஐ ஆமண்ட் சிக், சார்.”

“சத்தமா. அதோ அந்த வண்டிக்காரனுக்குக் கேக்கணும்.”

சொன்னேன். எனக்கு இன்னும் புரியவில்லை. நன்றாகச் சொல்கிறேன் என்பதால் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாத வண்டிக்காரனும் சிரித்தான்.

ரைட்டர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். “மாட்டேன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னாடா? அதயும் சொல்லிக் காட்டு.”

“ஐ வில்லண்ட், சார்.”

“அடப்பாவி, வில்லனே வந்துட்டான்டா!” என்றார் சின்ன முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாடம் நடத்துகிற மாதிரி விரலை நீட்டிச் சொன்னார். “டேய், கேட்டுக்கோ. வில் நாட்டுக்கு வோண்ட். வோண்ட். ஆம் நாட்டுக்கு ஒண்ணுமே கெடையாது. அது சேராது. தெரியுமா?”

எனக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் சேர்வது அதில் மட்டும் ஏன் சேராது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கட்டுக் கட்டுகிறவன் ஒருவன் சொன்னான். “ஆமண்டுன்னா இன்னாடா? ஆமணக்கா?”

“ஆமணக்குன்னா வெளக்கெண்ண” என்றார் ரைட்டர்.

அவ்வளவுதான். அந்த நிமிஷம் எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது. நம் பக்கத்தில் விளக்கெண்ணெய் என்று ஒருத்தனைச் சொன்னால் எதற்கும் லாயக்கில்லாதவன், மந்தம் என்று அர்த்தம். ஆமண்ட், ஆமணக்கு, விளக்கெண்ணெய். வழி போட்டுக் கொடுத்த மாதிரி வந்துவிட்டது.

துரை கடைசி வரைக்கும் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை போல இருந்தது. ஆனால் நான் தொட்ட தோலைத் தொட்ட தன் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

அன்றைக்கே ரைட்டரின் மச்சான் கோடவுன் மேசைக்கு வந்துவிட்டான். அவனுக்கு எஸ், நோ என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக நின்றான். துரை இனிமேல் யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பேச்சு. மேஸ்திரி தன் சட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார். நான் குழிக்குப் போனேன்.

செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அண்ணன், “வாய்யா ஆமணக்கு” என்றார். அவர் சொன்னதும் மற்றவர்களும் தைரியமாகச் சொன்னார்கள்.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. அதனால் மறுநாள் விடியலில் அவள் வழக்கம்போல விறகு கொண்டுபோனாள். இவள் கட்டை அவிழ்த்து, அடுக்கி வைக்கிற வரைக்கும் ரைட்டர் பெண்சாதி சும்மா இருந்தாளாம். பிறகு, “இனிமே வேணாம்மா. உன் புருஷன் படிப்பெல்லாம் முடிச்சிட்டாரு. ஐ ஆமணக்குன்னு சொல்லிக் காட்டச் சொல்லு” என்றாளாம். இவள் திரும்பி வந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னாய்யா அது ஆமணக்கு?”

சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒடிந்திருந்த முள்ளைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள்.

ரைட்டர் வேண்டுமென்றேதான் செய்தார் என்பதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே டீக்கடையில் உட்கார்ந்து நடித்துக் காட்டினார். நான் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது, அவர் பேஷ் என்றது, மச்சான் வாயைப் பொத்தியது எல்லாம். நான் அங்கே இருக்கும்போதே நடித்தார். “கோவிச்சிக்கினியா ஆமணக்கு?” என்று என்னையே கேட்டார். இல்லைங்கய்யா என்றேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்து போயிருந்தால் அதற்கும் ஒரு கதை செய்திருப்பார்.

குழிக்காரர்கள் எல்லோரும் ராத்திரி படுக்கும்போது கைக்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள். வேறு மருந்து கிடையாது. என் பெண்சாதி கடைக்குப் போனால் கடைக்காரன், “ஆமணக்கு வூட்டுக்கே ஆமணக்கெண்ணெயா? அவரப் புழிஞ்சிக்கோம்மா, ஜாஸ்தியா வரும்” என்பானாம். நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்களாம். கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நானும் போகவில்லை. நல்லெண்ணெய் தடவிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பேர் வைத்தவர்களுக்கு இது இவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. வலது கையில் கட்டைவிரலுக்கு அடுத்த விரலும் நடுவிரலும் கறுத்து வீங்கின. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். மயிர் சீவுகிற கத்திக்கு இரண்டு பக்கமும் பிடி இருக்கும். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் தோல் கிழியாமல் மயிர் வரும். எனக்கு ஒரு பக்கம் பிடி நிற்கவில்லை. தோல் கிழிந்தது. கிழிந்த தோலைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரி ஆபீசுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

அதற்குள் பெரிய முதலாளி நோயில் படுத்துவிட்டார். சின்ன முதலாளிதான் எல்லாம் பார்த்தார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் பக்கத்தில் நின்றார். கதவருகே இரண்டு மூன்று பேர். ஷாப்பில் வேலை செய்து கை கால் போனவர்களுக்குக் கேட்டில் காவல், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது என்று ஏதாவது ஒரு உலர்ந்த வேலை கொடுப்பது உண்டு. செய்யமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறவனைத்தான் வெளியே அனுப்புவார்கள். எனக்கு கேட் வேலை கிடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

சின்ன முதலாளி ரைட்டரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ரைட்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஹி வோண்ட் வொர்க், சார்” என்றார்.

வொர்க் எனக்குத் தெரியும். வோண்டும் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தார். மாட்டேன் என்று அர்த்தம். நான் எங்கே மாட்டேன் என்றேன்? மேஸ்திரியிடம் முடியவில்லை என்றுதானே சொன்னேன். இரண்டும் இங்கிலீஷில் ஒரே அளவுதான், கேட்கிறதும் ஒரே மாதிரிதான். வோண்ட், காண்ட். ஒன்றில் கேட், ஒன்றில் தெரு.

“காண்ட், சார்” என்றேன். “வோண்ட் இல்ல. ஐ காண்ட்.”

கையைத் தூக்கிக் காட்டினேன். எனக்குத் தெரிந்து நான் பேசிய இங்கிலீஷில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

அப்புறம் கதவருகே ஒருவன், “ஆமணக்கு மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்டா” என்றான். சின்ன முதலாளி உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியின் கையைத் தட்டினார். ரைட்டரும் சிரித்தார். மேஸ்திரி கிழிந்த தோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பழசச் சொல்லு. ஆமண்ட் சொல்லு. ரொம்ப நாளாச்சு” என்றார் சின்ன முதலாளி.

நான் கையைத் தூக்கியபடியே நின்றேன்.

“சொன்னா கேட் வேல கெடைக்குமாங்க?”

“மொதல்ல சொல்லு.”

“ஐ ஆமண்ட் சிக், சார்.”

சிரித்து முடித்தார்கள். சின்ன முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அதான் நோயில்லன்னு அவனே சொல்றானே. அப்புறம் எதுக்கு கேட்டு? போகச் சொல்லு” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“சிரிச்சாங்க.”

முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, பீடி மண்டியில் வீட்டில் வைத்துச் சுற்ற இலை கொடுக்கிறார்களா என்று கேட்கப் போனாள்.